கத்திரியா, ரம்பமா, லேசரா? வீட்டு ஹெல்மெட்டுக்கு வைசர் வெட்டும் கதை

இரவு பதினொன்றைத் தாண்டிவிட்டது. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், இரண்டு கிளாம்புகளுக்கு நடுவே, கரும்புகை நிறத்தில் ஓர் அக்ரிலிக் தகடு. பக்கத்தில் ஹெல்மெட். முப்பரிமாண அச்சில் எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பூசி, வெள்ளி வண்ணம் அடித்து, கண், அதாவது அதன் வழியே பார்க்கும் வைசர், ஒன்று மட்டும் பாக்கி என்ற நிலையில் இருக்கிறது. விடிந்தால் நிகழ்ச்சி. ஜிக்சா என்ற மின்ரம்பம் உறுமுகிறது. மேல்கோடு முடிந்து, மூலை திரும்பி, பிளேடு கீழே இறங்கும்போது தகடு அதிரத் தொடங்குகிறது. “மெதுவாடா...” என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் ‘டக்’. உள்மூலையில் பிறந்த விரிசல் தகட்டின் ஓரம் வரை ஓடிவிட்டது. இன்னொரு தகடு வாங்கக் கடையும் இல்லை, நேரமும் இல்லை.

ஹெல்மெட் செய்கிற வீடுகளில் இந்தக் காட்சி ஏதாவதொரு வடிவத்தில் நடந்தே தீர்கிறது. 2024 பிப்ரவரியில் காமிக் கான் முதல்முறையாகச் சென்னைக்கு வந்தது. சினிமாவிலும் காமிக்ஸிலும் வருகிற பாத்திரங்களைப் போல உடுத்திக்கொண்டு வரும் காஸ்ப்ளே அதோடு இங்கேயும் கண்ணெதிரே வந்துவிட்டது. சந்திரயான்-3 நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்ட், பள்ளி மாறுவேடப் போட்டிக்கு விண்வெளி வீரர் வேடம் போட நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல காரணம் தந்தது. வேடம் எதுவானாலும் கடைசியில் எல்லாரும் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: இந்தத் தகட்டை எதால் வெட்டுவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வைசர்களுக்கு ஒரு நல்ல கத்திரி போதும். கத்திரியால் வெட்ட முடியாத தகட்டை வாங்கிவிட்டுக் கருவி தேடுவதில்தான் பாதித் துன்பம் தொடங்குகிறது.

கண் மட்டும் ஏன் கஷ்டம்?

ஹெல்மெட்டின் மற்ற பாகங்கள் தவறைப் பொறுத்துக்கொள்ளும். ஃபோமில் வெட்டு விலகினால் பசை வைத்து ஒட்டலாம். அச்சில் வரி விழுந்தால் பட்டி பூசித் தேய்க்கலாம். வைசரில் அப்படி எதையும் பூசி மறைக்க முடியாது. வெளியே இருப்பவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான், உள்ளே இருப்பவர் உலகத்தைப் பார்ப்பதும் அதன் வழியாகத்தான்.

இந்தப் பொழுதுபோக்கின் வயது பலர் நினைப்பதைவிட அதிகம். 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மனும் மிர்ட்டில் டக்ளஸும் எதிர்கால மனிதர்களைப் போல உடுத்திக்கொண்டு வந்தார்கள். உடுத்துகிறவர்களின் கவனம் தலைக்கு ஏறியது 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்த பிறகுதான். அதன் வெள்ளைக் கவச வீரர்களைப் போல உடுத்துகிறவர்களுக்கென்றே 1997-இல் ‘501ஆம் லீஜியன்’ என்ற சங்கம் அமெரிக்காவில் தொடங்கியது. இன்று பல நாடுகளில் கிளை பரப்பியுள்ள அந்தச் சங்கம், உடையின் ஒவ்வொரு பாகமும் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. வைசரும் அதில் அடக்கம்.

ஆனால் வைசர் வெட்டுகிறவர்களை மிக அதிகமாகப் படுத்தியவர் அதே ‘ஸ்டார் வார்ஸ்’ கதையில் வரும் போபா ஃபெட். 1978 செப்டம்பரில் கலிபோர்னியாவின் சான் ஆன்செல்மோ என்ற சிற்றூரில் ஒரு ஊர்வலம் நடந்தது. படத்தில் அவர் திரைக்கு வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, அந்த ஊர்வலத்தில் அவருடைய உடை மட்டும் தெருவில் நடந்தது. ஆங்கில ‘டி’ (T) எழுத்தைப் போன்ற கறுப்புக் கண்ணாடி அவருடைய அடையாளம். 2019-இல் அதே கதையுலகத்தில் ‘தி மாண்டலோரியன்’ தொடர் வந்ததும் அந்த ‘டி’ மறுபடி உலகம் சுற்றியது.

அந்த எழுத்தின் சிக்கல் அதன் இரண்டு உள்மூலைகள். ஒரு தகட்டில் கூர்மையான உள்மூலை எங்கே இருக்கிறதோ அங்கே இழுவிசை குவியும். துளையும் வெடிப்பும் உள்ள தகட்டில் விசை எப்படிக் குவிகிறது என்பதைச் சார்லஸ் இங்லிஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1913-இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். முனை எவ்வளவு கூரோ அவ்வளவு ஆபத்து. அதனால் அனுபவசாலிகள் வெட்டத் தொடங்கும் முன்பே உள்மூலை வரும் இடத்தில் ஒரு சிறிய வட்டத் துளை போட்டுவிடுவார்கள். வெட்டு அந்தத் துளையில் வந்து முடியும். விரிசல் பிடித்துக்கொள்ளக் கூர்முனை இருக்காது.

இதைவிட எளிய வழியும் உண்டு. ‘டி’ வடிவம் ஹெல்மெட்டில் உள்ள திறப்புக்குத்தான் தேவை. உள்ளே ஒட்டும் தகடு அச்சு அசலாக அதே வடிவத்தில் இருக்க வேண்டியதில்லை. நாலு பக்கமும் ஒரு விரல் அகலம் கூடுதலாக விட்டு, மூலைகளைத் தாராளமாக உருட்டி வெட்டினால் போதும். கூடுதல் பகுதி உள்ளே மறைந்துவிடும். இவ்வளவு சின்ன விஷயத்தால் தப்பித்த தகடுகள் எத்தனையோ.

---
பெட்டிச் செய்தி: கையில் இருப்பது எந்தத் தகடு?

அக்ரிலிக்: 1930களில் ஜெர்மனியில் பிளெக்ஸிகிளாஸ் என்றும் பிரிட்டனில் பெர்ஸ்பெக்ஸ் என்றும் சந்தைக்கு வந்தது. கண்ணாடியைப் போன்ற தெளிவு. கீறல் விழுவது பாலிகார்பனேட்டைவிடக் குறைவு. விறைப்பானது, அடி விழுந்தால் கூர்த்துண்டுகளாக உடையும். ஏறத்தாழ 105 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும்.

பாலிகார்பனேட்: 1953-இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியாகக் கண்டது. அப்பல்லோ வீரர்களின் குமிழ் ஹெல்மெட் இதனால் ஆனதுதான். உடையாது, வளையும். ஆனால் எளிதில் கீறல் விழும். இளகுவது ஏறத்தாழ 147 டிகிரியில்.

பெட்-ஜி: தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்கின் நெருங்கிய உறவு. மெல்லிய தகடு கத்திரிக்கு இணங்கும். 80 டிகிரியிலேயே இளகுவதால் வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் வளைக்கலாம்.

பி.வி.சி.: மலிவு, மெல்லிசு, கத்திரியால் வெட்டலாம். லேசரில் மட்டும் வைக்கவே கூடாது. காரணம் பின்னால்.
---

ஒரு மில்லிமீட்டர் போதும்

தகட்டுக் கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது 3 மி.மீ. அக்ரிலிக். பெயர்ப்பலகைக்கும் ஷீல்டுக்கும் எல்லாரும் கேட்பது அதுதான். புதிதாகச் செய்கிறவரும் “கனமா இருந்தா நல்லது” என்று அதையே வாங்கிக்கொண்டு வருகிறார். முகத்தின் வளைவுக்கு அது வளையாது; வளைக்க 150 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். வெட்டவும் இயந்திரம் தேவை. எடை முழுக்கக் கழுத்தில் இறங்கும்.

வைசர் எதையும் தாங்கப்போவதில்லை. ஹெல்மெட்டின் வளைவே அதை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒரு மில்லிமீட்டர் பெட்-ஜி அல்லது பாலிகார்பனேட் தாராளம். இதற்கு மிக நல்ல மூலம் பாதுகாப்புச் சாதனக் கடையில் கிடைக்கும் முகக் கவசத்தின் மாற்றுத் தகடு. கிரைண்டர் வேலைக்கும் எரிவாயு வெல்டிங்குக்கும் விற்கிறார்களே, அதுதான். பாலிகார்பனேட்டால் ஆன, நிறமேற்றிய வகை கிடைக்கும். கையில் வரும்போதே சுருளும். மாண்டலோரியன் ஹெல்மெட் செய்கிறவர்கள் உலகெங்கும் அதைத்தான் வெட்டிப் போடுகிறார்கள்.

இந்தத் தகட்டுக்கு வீட்டுக் கத்திரியைவிடத் தகரம் வெட்டும் கத்திரி மேல். கைப்பிடி நீளமாகவும் வாய் குட்டையாகவும் இருப்பதால் விரல் நோகாது. கைப்பிடியின் நிறத்துக்கு அர்த்தம் உண்டு: மஞ்சள் நேர்க்கோட்டுக்கு, சிவப்பு இடப்பக்கம் வளைய, பச்சை வலப்பக்கம் வளைய. வாயில் பல் வெட்டியிருக்கும் வகையைத் தவிருங்கள். அந்தப் பற்கள் தகரத்தை வழுக்காமல் பிடிப்பதற்காக இருப்பவை. பிளாஸ்டிக்கின் ஓரத்தில் வரிசையாகத் தடம் பதித்துவிடும்.

வெட்டும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. கத்திரியின் வாயை முழுவதும் மூடக் கூடாது. ஒவ்வொரு முறை முழுக்க மூடும்போதும் நுனி தகட்டில் ஒரு மயிரிழை வெடிப்பை விட்டுச்செல்லும். முக்கால்வாசி மூடியதும் நிறுத்தி, கத்திரியை முன்னே தள்ளி, அடுத்த வெட்டைத் தொடர வேண்டும். முதலில் கோட்டுக்கு அரை அங்குலம் வெளியே தோராயமாக வெட்டிவிட்டு, இரண்டாம் சுற்றில் கோட்டுக்கு வந்தால் ஓரம் சுத்தமாக வரும். இரண்டாம் சுற்றில் கழிவு மெல்லிய சுருளாக விலகிக்கொள்வதால் தகட்டின் மேல் பாரம் ஏறாது.

அளவு எடுப்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். வளைந்த முகப்பில் ஒட்டும் தகடு, நேரே அளந்த அகலத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். அளவுகோலை நம்பாமல், ஹெல்மெட்டுக்கு உள்ளேயே காகித அட்டையை வைத்து அழுத்தி, திறப்பைப் பென்சிலால் வரைந்து எடுக்க வேண்டும். அட்டை பொருந்திய பிறகுதான் தகட்டில் கை வைக்க வேண்டும். தகட்டின் மேல் ஒட்டி வரும் பாதுகாப்புத் தாளைக் கடைசி நிமிடம் வரை உரிக்காதீர்கள்.

இயந்திரம் எடுத்தால் வரும் சூடு

சிலருக்குக் கனமான தகடுதான் வேண்டியிருக்கும். தட்டையான முகப்புள்ள ரோபோ ஹெல்மெட்டுக்கு 3 மி.மீ. அக்ரிலிக் கம்பீரமாகத்தான் இருக்கும். நேர்க்கோடு மட்டும் என்றால் அதற்கும் இயந்திரம் வேண்டாம். எஃகு அளவுகோலை வைத்து, அக்ரிலிக் வெட்டும் கொக்கிக் கத்தியால் அதே கோட்டில் பலமுறை கீற வேண்டும். பிறகு கோட்டை மேசை விளிம்பில் வைத்து ஒரே அழுத்தம். தகடு கோட்டோடு பிரிந்துவிடும். அக்ரிலிக்கின் உடையும் குணமே இங்கே உதவிக்கு வருகிறது. பாலிகார்பனேட்டில் இதை முயல வேண்டாம். அது வளைந்துகொண்டே இருக்கும், ஒடியாது.

வளைகோடு என்றால் ரம்பம்தான். இங்கே எதிரி சூடு. அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் இந்தப் பிளாஸ்டிக்குகள் கடத்தும். பிளேடு உரசும் இடத்தில் பிறக்கும் சூடு அங்கேயே தங்கி, பிளாஸ்டிக்கை உருக்குகிறது. முன்னால் அறுத்துக்கொண்டே போகிறோம். பின்னால் உருகிய தூள் உறைந்து வெட்டை மறுபடி ஒட்டிவிடுகிறது. ஒட்டிய இடத்தில் பிளேடு சிக்கி, தகட்டைத் தூக்கி அடிக்கும். விரிசல்களில் பல அந்த ஓர் அடியில் விழுபவை.

ஜிக்சாவை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, பிளேடு போகும் கோட்டுக்கு மிக அருகிலேயே தகட்டுக்கு அடியில் பலகை கொடுத்து, நடுநடுவே நிறுத்தி ஆற விட்டால் இதைக் கட்டுக்குள் வைக்கலாம். பிளேடு தேர்வுக்குப் பழைய விதி ஒன்று உண்டு: தகட்டின் கனத்துக்குள் எப்போதும் இரண்டு மூன்று பற்களாவது இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடு 3 மி.மீ. தகட்டுக்குச் சரியாகப் பொருந்தும். அதே விதியை 1 மி.மீ. தகட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 32 பல் உள்ள மெல்லிய ஆக்சா பிளேடுகூடத் தேறாது. பல் தகட்டின் விளிம்பில் மாட்டிக் கொத்தும். மெல்லிய தகட்டை ரம்பத்தால் அறுக்கவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பொறுமை உள்ளவர்களுக்கு நூல் போன்ற பிளேடு மாட்டிய கை ரம்பம் மிக நல்ல துணை. கையின் வேகத்தில் பிளாஸ்டிக் உருகுவதில்லை. எந்த வளைவிலும் திரும்பும்.

ஆசைப்பட்டு எல்லாரும் வாங்குவது கையடக்கச் சுழல் கருவி. 1930களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆல்பர்ட் டிரெமல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே இன்று அந்தக் கருவியின் பெயராகிவிட்டது. நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. பிளாஸ்டிக் வெட்டும்போது அந்த வேகமே கேடு. வட்டத் தகட்டை மாட்டி முழு வேகத்தில் இறக்கினால் அது வெட்டாது, உருக்கும். அந்தக் கருவிக்கு என் மனதில் வேறு வேலை இருக்கிறது: குறைந்த வேகத்தில் மணல்தாள் உருளையை மாட்டி, கத்திரி வெட்டிய ஓரத்தைச் செதுக்க அதைப் போல இன்னொன்று இல்லை.

லேசர் கடையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

பெயர்ப்பலகையும் ஷீல்டும் செய்யும் பல கடைகளில் இன்று கார்பன் டை ஆக்சைடு லேசர் இருக்கிறது. அக்ரிலிக்குக்கு அதைவிட அழகான கருவி கிடையாது. ஓரம் தானே உருகி மெருகேறி வரும். அட்டை மாதிரியை எடுத்துக்கொண்டு போனால் வரைந்து வெட்டித் தந்துவிடுவார்கள்.

பாலிகார்பனேட் அந்த லேசரில் மஞ்சளாகி, கருகி, புகையும். அது அழகுக்கு வரும் நட்டம். பி.வி.சி. வைத்தால் ஆளுக்கே நட்டம். அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். லேசர் பட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும். ஈரம் பட்டால் அது அமிலம். இயந்திரத்தின் கண்ணாடியையும் தண்டவாளத்தையும் அரிப்பதற்கு முன்னால், பக்கத்தில் நிற்பவரின் மூச்சுக்குழாயை எரிக்கும். இந்த மெல்லிய தகடுகள் வெறும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஆகவே ‘இது என்ன தகடு?’ என்ற கேள்விக்கு உறுதியான பதில் இல்லாத எதையும் லேசரில் வைக்கச் சொல்லிக் கடைக்காரரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவர் மறுத்தால் அவர் நல்ல கடைக்காரர்.

இரண்டு அங்குல தூரத்தில் கண்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் மேல்மூடி அக்ரிலிக்கால் ஆனது. குண்டு பட்டு அது உடைந்தபோது துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் போயின. அவர்களுக்குச் சிகிச்சை அளித்த கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி, உள்ளே தங்கிவிட்ட அந்தத் துண்டுகளைக் கண் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்தார். 1949-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், அதே பொருளால் செய்த செயற்கை விழிவில்லையை முதன்முதலாகப் பொருத்தினார். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமாக 1992-இல் தொடங்கிய ஆரோலேப், அந்த வில்லையைக் குறைந்த விலையில் செய்து ஏழைகளின் கண்புரைச் சிகிச்சைக்கு வழிசெய்தது. நம் தாத்தா பாட்டிகளில் எத்தனையோ பேர் மறுபடி பேப்பர் படித்தது அதனால்தான்.

இந்தக் கதையை மருத்துவத்தின் வெற்றியாகவே எப்போதும் சொல்கிறோம். ஹெல்மெட் செய்கிறவர் அதன் முதல் பாதியையும் நினைவில் வைக்க வேண்டும். அக்ரிலிக் உடைந்தால் முகத்தை நோக்கி வரும் துண்டு கண்ணுக்குள் போகும் அளவுக்குக் கூர்மையானது. மேடையில் குழந்தை தடுக்கி விழலாம். கூட்டத்தில் முழங்கை படலாம். வைசருக்கும் விழிக்கும் இடையே இருப்பது இரண்டு அங்குலம். கனமான அக்ரிலிக்கை நான் தயக்கத்தோடு மட்டுமே சொல்வதன் காரணம் இதுதான். குழந்தைகளின் ஹெல்மெட்டில் அது வேண்டவே வேண்டாம்.

வெட்டும்போதும் இதே கவனம் வேண்டும். சுழல் கருவியின் வட்டத் தகடு சிக்கினால் தெறிக்கும். பவர் கண்ணாடி போட்டிருந்தாலும் அதன் மேல் பக்கவாட்டு மறைப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது.

---
பெட்டிச் செய்தி: எவ்வளவு இருட்டு?

வெல்டிங் முகக் கவசங்களில் ஒரு நிழல் எண் பொறித்திருக்கும். எண் 3 என்றால் வெளிச்சத்தில் ஏறத்தாழ 14 சதவீதம் உள்ளே வரும். எண் 5 என்றால் 2 சதவீதம்தான். வெயிலில் இரண்டிலும் நடமாடலாம். அரங்கத்துக்குள் எண் 5 போட்டுக்கொண்டு படி இறங்குவது ஆபத்து. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் கறுப்பாகத்தான் தெரியும். உள்ளே இருட்டாக இருந்தாலே போதும், கண் வெளியே தெரியாது.
---

வெட்டிய பிறகு கெடுப்பவை

அழகாக வெட்டி, ஓரம் தேய்த்து, மாட்டியபின் மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் சிலந்தி வலை போல மெல்லிய வெடிப்பு. யாரும் தொடவில்லை, விழவும் இல்லை. லேசரில் வெட்டிய அக்ரிலிக்கின் ஓரத்தில் சூட்டால் வந்த இறுக்கம் உள்ளே தங்கியிருக்கும். அதை ஸ்பிரிட் அல்லது சானிடைசரால் துடைத்தால் அந்த இறுக்கம் வெடிப்பாகத் திறந்துகொள்ளும். பாலிகார்பனேட்டுக்கு அசிட்டோனும், அமோனியா கலந்த கண்ணாடி துடைப்பானும் ஆகாது. இரண்டுக்கும் பொதுவான பாதுகாப்பான வழி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும்.

ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூ வகைப் பசையை எடுக்காதீர்கள். காயும்போது அதிலிருந்து எழும் ஆவி வைசரின் உட்புறத்தில் வெள்ளைப் பனி போலப் படியும்; துடைத்தால் போகாது. திருகு போட்டு மாட்டுவது நல்லது, பின்னால் கழற்றலாம். துளையைத் திருகைவிடச் சற்றுப் பெரிதாகப் போட வேண்டும். 20 செ.மீ. நீள வைசர் 30 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும். துளை இறுக்கமாக இருந்தால் அந்த நீட்சி விரிசலாக மாறும். துளை போடும்போது அடியில் மரப்பலகை வைத்து, முனை வெளியே வரும் நேரத்தில் கையின் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். இரும்புக்குத் தீட்டிய டிரில் முனை அந்தக் கணத்தில்தான் அக்ரிலிக்கைப் பிடித்து இழுத்து உடைக்கும்.

சித்திரை வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய காருக்குள் ஹெல்மெட்டை விட்டுப் போகாதீர்கள். வைசர் தாங்கினாலும், அச்சில் எடுத்த ஓடு பி.எல்.ஏ. வகை என்றால் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகிக் கோணிவிடும். பிறகு எந்த வைசரும் அதில் பொருந்தாது.

நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளே மூச்சு படிந்து மங்குவதும் பெரிய தொல்லை. வைசரின் மேலும் கீழும் ஒரு விரல் இடைவெளி விட்டால் காற்று ஓடும். கணினிக்குள் வைக்கும் சிறிய விசிறி ஒன்றை உச்சியில் பொருத்தினால் இன்னும் நல்லது. பள்ளிப் போட்டிக்குப் போகும் குழந்தைக்கோ வைசரைப் பாதி மேலே தூக்கிய நிலையிலேயே வைத்துவிடலாம். விண்வெளி வீரர்கள் புகைப்படத்துக்கு நிற்பதும் பல நேரம் அப்படித்தான். குழந்தையின் முகமும் மேடைக்குத் தெரியும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பாவது ஒரு மாலை, விளக்கு ஏற்றும் நேரத்தில், ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள். கூட யாராவது கைபிடிக்க இருக்கட்டும். கால் வைக்கும் படி தெரியவில்லை என்றால் வைசரைக் கழற்றி, கீழ் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைத்து மறுபடி மாட்ட வேண்டும். மெல்லிய தகடு என்றால் அதற்குப் பத்து நிமிடமும் அதே கத்திரியும் போதும்.